கேள்வி கேட்பது கற்பிப்பதாகுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்திரிகை நடத்துபவரையும் பள்ளியில் பாடம் நடத்துபவரையும் ஒரே சொல்லால் அழைப்பது நம் மொழியின் வழக்கம் என்பதால், ஓர் ஆசிரியருக்கு மற்றோர் ஆசிரியன் எழுதும் கடிதமாக இதை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன். இராமநாதபுரம் மாவட்டத்தில், தேவிபட்டினம் முதல் தொண்டி வரையிலான பாக் விரிகுடாக் கரையோர ஊர்களில் 29 ஆண்டுகள் உயர்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில், மாவட்டவாரியான தேர்ச்சி விழுக்காட்டு அட்டவணையைத் தங்கள் நாளிதழ் தவறாமல் வெளியிடுகிறது. எங்கள் மாவட்டம் அதில் ஓரிரு படி ஏறினாலும் இறங்கினாலும் சில நாட்களுக்கு ஊரில் அதுவே பேச்சாக இருக்கும். அந்த அட்டவணைக்குள் எக்காலத்திலும் வரமுடியாத ஒரு குறையைப் பற்றியே இக்கடிதம். ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற்ற மாணவர் பலர், முன்பின் பார்த்திராத ஓர் ஆங்கிலப் பத்தியைக் கொடுத்தால், அதைத் தடங்கலில்லாமல் வாய்விட்டு வாசித்து முடித்த பிறகும், அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று தமிழில்கூடச் சொல்ல முடியாமல் நிற்கிறார்கள்.

அப்படியானால் அவர்கள் எவ்வாறு தேர்ச்சி பெற்றார்கள் என்று கேட்பவர்களுக்காக ஒரு சிறு விளையாட்டு. "முந்தாநாள் ஒரு குவிடம் சிவட்டில் பிளந்தியது. அதைக் கண்ட நெவலிகள் தும்பரித்து ஓடின." இப்போது கேள்விகள். குவிடம் எதில் பிளந்தியது? சிவட்டில். எப்போது பிளந்தியது? முந்தாநாள். அதைக் கண்டவை எவை? நெவலிகள். அவை என்ன செய்தன? தும்பரித்து ஓடின. நான்கு கேள்விக்கும் முழு மதிப்பெண் கிடைத்துவிட்டது. குவிடம் என்பது விலங்கா, வண்டியா, சிவடு என்பது குளமா, கூரையா என்று அதை எழுதிய எனக்கே தெரியாது. வினாத்தாளில் வரும் ஆங்கிலப் பத்திக்கு எங்கள் பிள்ளைகள் விடை எழுதும் முறை பெரும்பாலும் இதுதான். கேள்வியில் உள்ள சொல்லைப் பத்திக்குள் தேடு, அது கிடைத்த வரியை முற்றுப்புள்ளி வரை பார்த்து எழுது என்று நாங்களே சொல்லிக் கொடுத்திருக்கிறோம். மார்ச் மாதச் சிறப்பு வகுப்புகளில் நானும் சொல்லிக் கொடுத்தேன். பயனளித்த உபாயம் என்பதால் அப்போது எனக்கு அதில் கூச்சம் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் ஆங்கிலப் பாடநூலைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தால், அச்சிட்ட வரிகளுக்கு மேலே பென்சிலால் தமிழ் எழுத்தில் பொடிப்பொடியாக எழுதியிருப்பதைக் காணலாம். 'திடீரென்று' என்று பொருள் எழுதியிருப்பார்கள் என்று எண்ணினால் ஏமாந்துபோவோம். 'சடன்லி' என்று உச்சரிப்பையே எழுதியிருப்பார்கள். ஆசிரியர் எழுப்பி வாசிக்கச் சொன்னால் தடுமாறாமல் வாசிக்க வேண்டும் என்பதற்கான முன்னேற்பாடு அது. தமிழில் எழுத்தைக் கூட்டத் தெரிந்தவன் எந்தச் சொல்லையும் வாசித்துவிடுவான். ஆங்கிலத்தின் 26 எழுத்துகள் நாற்பதுக்கும் மேற்பட்ட ஒலிகளைச் சுமக்க வேண்டியிருப்பதால், அதே நம்பிக்கையோடு அங்கே போகிறவன் முதல் வரியிலேயே இடறுகிறான். ஆகவே உச்சரிப்பைத் தமிழில் எழுதிக்கொள்வது அவனளவில் புத்திசாலித்தனமான வழி. அந்தப் பென்சில் எழுத்தை அழிக்கச் சொல்லி அதட்டியவர்களில் நானும் ஒருவன். அதன் பக்கத்திலேயே பொருளையும் எழுதிக்கொள்ளச் சொல்லியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும் என்பது பிற்பாடுதான் உறைத்தது.

வகுப்பில் நான் பாடம் நடத்திய முறையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு பத்தியை நான் வாசிப்பேன், வரிக்கு வரி தமிழில் பொருள் சொல்வேன், கடின சொற்களைக் கரும்பலகையில் எழுதிப்போடுவேன், பாடத்தின் முடிவில் உள்ள வினாக்களுக்கு விடைகளைச் சொல்ல, அவர்கள் எழுதிக்கொள்வார்கள், அவை மனப்பாடமாகும். நாற்பது நிமிடத்தில் புரிந்துகொள்ளும் வேலை முழுவதையும் செய்தவன் நான். கேட்டுக்கொள்ளும் வேலையை மட்டும் பிள்ளைகள் செய்தார்கள். அடுத்தவர் நீந்துவதைக் கரையில் உட்கார்ந்து பார்த்து எவரும் நீச்சல் பழகியதில்லை என்பது கடற்கரையில் பிறந்த எனக்குத் தெரியாததன்று. ஆயினும் வகுப்பறைக்குள் அந்த அறிவு ஏனோ என்னுடன் வரவில்லை.

இது எங்கள் ஊரின் தனிக் குறையும் அன்று. டொலோரெஸ் டர்கின் என்னும் அமெரிக்கக் கல்வியாளர் நான்காம் வகுப்புகளில் உட்கார்ந்து வாசிப்புப் பாடம் எவ்வாறு நடக்கிறது என்று நிமிடக் கணக்கில் குறித்துக்கொண்டு, 1978-79இல் அதை வெளியிட்டார். அவர் பார்த்த 4,469 நிமிடங்களில், படித்ததைப் புரிந்துகொள்வது எப்படி என்று ஆசிரியர் உண்மையாகவே கற்பித்த நேரம் வெறும் 20 நிமிடங்கள். எஞ்சிய நேரத்தில் ஆசிரியர்கள் சும்மா இருக்கவில்லை. கேள்வி கேட்டார்கள், விடை சரியா என்று பார்த்தார்கள், பயிற்சித்தாள் கொடுத்தார்கள். அதாவது, பிள்ளைக்குப் புரிந்ததா என்று சோதித்துக்கொண்டே இருந்தார்கள். சோதிப்பதையே கற்பிப்பது என்று எண்ணிக்கொள்ளும் மயக்கம் தாய்மொழியான ஆங்கிலத்தையே படிக்கும் பிள்ளைகளின் வகுப்புகளில்கூட அந்த அளவுக்கு இருந்திருக்கிறது. காய்ச்சல்காரனுக்கு மணிக்கொரு தரம் வெப்பமானி வைத்துப் பார்த்துவிட்டு, மருந்து கொடுத்ததாக நினைத்துக்கொள்வதைப் போன்றது இது. ஆங்கில வகுப்பில் பத்தியைக் கொடுத்து ஐந்து கேள்வி கேட்கும் ஒவ்வொரு முறையும் நாம் வெப்பமானியைத்தான் வைக்கிறோம்.

நம் நாட்டுக் கணக்கு ஒன்றையும் குறிப்பிட வேண்டும். பிரதம் நிறுவனம் 2023ஆம் ஆண்டுக்காக மேற்கொண்ட ஆசர் ஆய்வில், 26 மாநிலங்களைச் சேர்ந்த 28 ஊரக மாவட்டங்களில் 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களிடம் ஆங்கில வாக்கியங்களைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். வாசிக்க முடிந்தவர்கள் 57.3 விழுக்காட்டினர். அப்படி வாசித்தவர்களிலும் ஏறத்தாழ நான்கில் ஒருவரால் பொருள் சொல்ல இயலவில்லை. இத்தனைக்கும் அவை மிக எளிய, ஒற்றை ஒற்றை வாக்கியங்கள். நம் பத்தாம் வகுப்புப் பாடநூலின் நெடிய பத்திகளைக் கொடுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

வாசிப்புத் திறனைக் குறித்து 1986இல் காஃப், டன்மர் என்னும் இருவர் ஒரு சிறிய கணக்கு வாய்பாட்டை முன்வைத்தார்கள். எழுத்தைச் சொல்லாக்கும் திறனை மொழியைப் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்கினால் கிடைப்பதே வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்பது அவர்கள் கருத்து. கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டில் ஒன்று சுழியானால் விடையும் சுழி. பென்சிலால் 'சடன்லி' என்று எழுதிக்கொண்டு அழகாக வாசிக்கும் பிள்ளைக்கு முதல் எண் ஓரளவு இருக்கிறது, இரண்டாவது எண் இல்லை. ஆசிரியர் தமிழில் சொன்ன கதையை நன்றாகத் திருப்பிச் சொல்லும் பிள்ளைக்கு, ஆங்கில எழுத்தைச் சொல்லாக்கும் திறனே இல்லாமலிருக்கலாம். இருவருக்கும் ஒரே கைடு, ஒரே சிறப்பு வகுப்பு என்றுதான் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது எண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும், ஏனெனில் தமிழ்ப் பிள்ளை ஆங்கிலப் பத்தியில் இடறுகிற இடங்கள் குறிப்பிட்ட சில இடங்களே. 'புயலில் சேதமடைந்த படகைக் கரைக்கு இழுத்தார்கள்' என்று நாம் சொல்கிறோம். படகைப் பற்றிச் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டு, அதன் பிறகே படகைக் கொண்டுவருவது தமிழின் இயல்பு. ஆங்கிலம் படகை முதலில் நிறுத்திவிட்டு, 'விச்' என்று ஒரு கொக்கியைப் போட்டு, அதன் பின்னால் புயலையும் சேதத்தையும் கோத்துவிடுகிறது. சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்துக்கொண்டு போகிற மாணவன், 'படகு, எது, புயல், சேதம்' என்று நான்கு சிப்பிகளைப் பொறுக்கிக்கொண்டு நிற்பானே ஒழிய, மாலை கட்டமாட்டான். அந்தக் கொக்கி எதைத் திரும்பிப் பார்க்கிறது என்று ஒரு முறையாவது அவனோடு உட்கார்ந்து அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்க வேண்டும்.

அடுத்தது, ஆள் யார் என்னும் சிக்கல். வந்தான், வந்தாள், வந்தது, வந்தார்கள் என்று நம் வினைச்சொல்லின் வாலிலேயே ஆளின் அடையாளம் இருக்கிறது. ஆங்கில வினையில் அந்த வால் இல்லை. 'இட்', 'தே', 'திஸ்' போன்ற சிறு சொற்கள் எதைக் குறிக்கின்றன என்பதை வாசிப்பவனே பின்னால் போய்த் தேடிப் பிடிக்க வேண்டும். சில நேரம் 'திஸ்' என்பது முந்தைய வாக்கியம் முழுவதையும் குறிக்கும். எட்டாம் வகுப்பில் ஒரு பத்தியில் வந்த ஒன்பது 'இட்'களையும் வட்டமிடச் சொல்லி, ஒவ்வொன்றும் எதைக் குறிக்கிறது என்று கேட்டேன். வகுப்பில் முதல் மாணவி என்று பெயரெடுத்த பெண்ணே நான்கைத் தவறாகச் சொன்னாள். அவளுக்குத் தெரியாத சொல் அந்தப் பத்தியில் ஒன்றுகூட இல்லை.

மூன்றாவதாக, இணைப்புச் சொற்கள். பாடத்தில் அருஞ்சொற்பொருள் கொடுக்கும்போது நீளமான, பகட்டான சொற்களுக்கே இடம் கிடைக்கிறது. 'அன்லெஸ்', 'ஆல்தோ', 'ஹார்ட்லி' போன்ற சில்லறைச் சொற்களை யாரும் கண்டுகொள்வதில்லை. அவனால் கரையை ஏறக்குறையப் பார்க்கவே முடியவில்லை என்று பொருள்படும் வாக்கியத்தில் 'ஹார்ட்லி' வந்தால், 'ஹார்ட்' தெரிந்த பிள்ளை 'கடினமாகப் பார்த்தான்' என்று பொருள் கொள்கிறது. வாக்கியம் வடக்கே போக, பிள்ளை தெற்கே போகிறது. பத்தியின் போக்கைத் திருப்பும் சுக்கான் இந்தச் சிறிய சொற்களிடம்தான் இருக்கிறது.

இனி, என் கருத்தை மாற்றிய ஒரு வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலின் முதல் பாடம், பறக்கப் பயந்து பாறை விளிம்பிலேயே தங்கிவிட்ட ஒரு கடற்காகக் குஞ்சின் கதை. உடன்பிறந்தவை எல்லாம் பறந்துவிட்டன. இது மட்டும் பசியோடு கிடக்கிறது. தாய்ப்பறவை ஒரு துண்டு மீனைக் கொத்திக்கொண்டு பறந்து வந்து, குஞ்சுக்கு எட்டாத தொலைவில் அந்தரத்தில் நின்றுவிடுகிறது. பல ஆண்டுகள் நான் நடத்திய பாடம் இது. ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, வரிக்கு வரி பொருள் சொல்லாமல், அந்த ஒரு பத்தியை மட்டும் இரண்டு முறை மெதுவாக வாசித்துவிட்டு, தாய் ஏன் கிட்டே வந்து நின்றது என்று கேட்டுப் பார்த்தேன். கைடில் அந்தக் கேள்வி இல்லாததால் வகுப்பு அமைதியாக இருந்தது. தமிழிலேயே சொல்லலாம் என்றேன். கடைசி வரிசையில், வாரத்தில் இரண்டு நாள் தகப்பனோடு கடலுக்குப் போய்விட்டு வருகிற, ஆங்கிலத்தில் ஒருபோதும் இருபது மதிப்பெண்ணைத் தாண்டாத மாணவன் எழுந்தான். "அது மீன் குடுக்க வரல சார். பசியக் காட்டி எறங்க வைக்குது" என்றான். அது எப்படித் தெரியும், எந்த வரியில் இருக்கிறது என்று கேட்டேன். அவன் விரலை வைத்துக் காட்டிய வரி சரியான வரி. தாய் நின்றுவிட்டது என்று சொல்லும் வரி அது. காரணத்தை நூலாசிரியர் எங்கும் சொல்லவில்லை. அதை அவன்தான் வரிகளுக்கு இடையிலிருந்து எடுத்தான்.

அவனுக்கு அந்தத் திறனை நான் கற்பிக்கவில்லை. கடல் கற்பித்திருந்தது. நீரின் நிறம் மாறியிருப்பதையும், ஆலாக்கள் ஓரிடத்தில் வட்டமிட்டு இறங்குவதையும் பார்த்து, அடியில் மீன் கூட்டம் போகிறது என்று ஊகிக்கிற குடும்பத்தில் பிறந்தவன் அவன். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று எப்போது தணியும், வாடைக் காற்று எப்போது எழும், எந்த நாளில் மன்னார் வளைகுடாப் பக்கம் வலைவிடலாம், எப்போது பாக் விரிகுடாப் பக்கம் திரும்ப வேண்டும் என்றெல்லாம் கண்ணுக்குத் தெரிவதிலிருந்து தெரியாததை எட்டிப் பிடிப்பதே எங்கள் கரையோர மக்களின் அன்றாட வேலை. உய்த்துணர்தல் என்று பயிற்சிக் கையேடுகளில் எழுதப்படுவதும் இதுதான். இந்தப் பிள்ளைகளுக்கு அந்தத் திறன் வேண்டிய மட்டும் இருக்கிறது. அதை அச்சிட்ட பக்கத்தின் மேல் பயன்படுத்தலாம் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை, அவ்வளவே.

பொருளைப் பற்றிய முன்னறிவு வாசிப்பை எவ்வளவு தூக்கிவிடும் என்பதற்குச் சான்றும் உண்டு. 1988இல் ரெக்ட், லெஸ்லி என்னும் இருவர் அமெரிக்காவில் 64 மாணவர்களுக்குப் பேஸ்பால் ஆட்டத்தை விவரிக்கும் ஒரு பகுதியைக் கொடுத்து வாசிக்கச் செய்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் அந்த ஆட்டத்தை நன்கு அறிந்த மாணவர்கள், வாசிப்பில் தேர்ந்தும் ஆட்டத்தை அறியாத மாணவர்களைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள், அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்பது விளங்கும். மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு மீனைப் பற்றிய பாடமே போதும் என்று நான் வாதிடுவதாக யாரும் எண்ண வேண்டாம். அவன் பனிமலையைப் பற்றியும் படிக்க வேண்டும், பங்குச் சந்தையைப் பற்றியும் படிக்க வேண்டும். ஆனால் புரிந்துகொள்ளும் முறையைப் பழக்கும்போது, பொருளும் புதிது, மொழியும் புதிது, முறையும் புதிது என்று மூன்று சுமையை ஒரே தலையில் ஏற்றக்கூடாது. அதே பாடநூலில், ஆறு இந்தியக் கடற்படைப் பெண் அதிகாரிகள் 2017 செப்டம்பரில் கோவாவிலிருந்து தாரிணி என்னும் பாய்மரப் படகில் புறப்பட்டு, உலகைச் சுற்றி 2018 மே மாதம் திரும்பிய பயணத்தைப் பற்றிய பாடம் இருக்கிறது. பாய்க்கும் காற்றுக்கும் உள்ள உறவை எங்கள் பிள்ளைகள் ஆசிரியருக்கே விளக்கிச் சொல்லக்கூடியவர்கள். பாடத்தைத் தொடங்குமுன் பத்து நிமிடம் அவர்களைப் பேசவிட்டால், பத்தியில் வரப்போகிற பாதி விவரம் கரும்பலகைக்கு வந்துவிடும். அந்தப் பத்து நிமிடம் பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் எப்போதும் முதலில் பலியாகிவிடுகிறது.

அப்படியானால் கற்பிப்பது என்பது எது? ஆசிரியர் தாம் எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பதை மாணவர் காதில் விழும்படி உரக்கச் சொல்லிக்கொண்டே வாசிப்பதுதான் முதற்படி என்று நினைக்கிறேன். ஓய்வு பெற்றபின் என் வீட்டுத் திண்ணையில் மாலை வேளைகளில் கூடுகிற எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு இதைச் செய்து பார்க்கிறேன். வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்காக ஆங்கிலத்தில் வெளியிடும் எச்சரிக்கைக் குறிப்பை எடுத்துக்கொள்வோம். 'ஃபிஷர்மென் ஆர் அட்வைஸ்டு நாட் டு வென்ச்சர்' என்று வரும். நான் அங்கே நின்று, "வென்ச்சர் எனக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். முன்னால் 'நாட்' இருக்கிறது, செய்யாதே என்கிறார்கள். பின்னால் கடல் இருக்கிறது. காற்று மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் என்று மேலே சொல்லிவிட்டார்கள். அப்படியானால் மீனவனிடம் எதைச் செய்யாதே என்பார்கள்?" என்று உரக்க யோசிப்பேன். கடலுக்குள் போகாதே என்பது பிள்ளைகள் வாயிலிருந்தே வந்துவிடும். ஒரு வாரம் நான் யோசித்துக் காட்டினேன். அடுத்த வாரம் அவர்களே என் குரலில், என் கண்ணாடியைச் சரிசெய்யும் பாவனையோடு யோசித்துக் காட்டினார்கள். கேலிதான் என்றாலும், சரியான இடங்களில் நிறுத்திக் கேலி செய்தார்கள்.

இந்த முறைக்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தவர்கள் பாலின்சர், பிரௌன் என்னும் இரு கல்வி உளவியலாளர்கள். எழுத்தை நன்றாக வாசித்தும் பொருளைப் பிடிக்க முடியாத ஏழாம் வகுப்பு மாணவர்களைச் சிறு குழுக்களாக உட்காரவைத்து, அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டி ஊகித்தல், படித்ததிலிருந்து கேள்வி எழுப்புதல், விளங்காத இடத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல், சுருக்கிச் சொல்லுதல் ஆகிய நான்கையும் முறைவைத்துச் செய்யச் சொன்னார்கள். தொடக்கத்தில் ஆசிரியர் நடத்துவார். பிறகு ஒவ்வொரு பத்திக்கும் ஒரு மாணவர் ஆசிரியராக மாறுவார். 1984இல் வெளியான அந்த ஆய்வு பின்னர் பல நாடுகளில் பின்பற்றப்பட்டது. இதைப் படித்தபோது எனக்கு நன்னூல்தான் நினைவுக்கு வந்தது. பவணந்தி முனிவர் மாணவனின் கடமைகளைச் சொல்லுமிடத்தில், கேட்டவற்றை நினைத்துப் பார்த்தலையும், தன்னையொத்த மாணாக்கரோடு சேர்ந்து பயிலுதலையும், தான் வினவுதலையும், பிறர் வினவியதற்கு விடை சொல்லுதலையும் வரிசையாகவே வைத்திருக்கிறார். வினவும் பொறுப்பை மாணவனிடம் கொடுத்த மரபு நம்முடையது. எந்த வளைவில் அது ஆசிரியர் கைக்கு மட்டும் உரியதாயிற்று என்பது தெரியவில்லை. திண்ணையில் நான் கவனித்த அளவில், நான்கில் மிகக் கடினமானது கேள்வி எழுப்புவதுதான். முதலில் எல்லாரும் 'குவிடம் எதில் பிளந்தியது' வகைக் கேள்விகளையே கேட்டார்கள். 'ஏன்' என்று தொடங்கும் முதல் கேள்வி வர ஏறத்தாழ ஒரு மாதம் ஆயிற்று.

ஆங்கில வகுப்பில் தமிழ் பேசலாமா என்பது பழைய வழக்கு. பார்வைக்கு வரும் அதிகாரிகள் தமிழ்ச் சொல் காதில் விழுந்தாலே முகம் சுளித்த காலம் உண்டு. அவர்களுக்கு அஞ்சி, புரியாத ஆங்கிலத்தைப் புரியாத ஆங்கிலத்தாலேயே விளக்கிய நாட்களும் எனக்கு உண்டு. என் துணிபு இதுதான். ஆசிரியர் தமிழில் பொருள் சொல்வது குறையட்டும், மாணவர் தமிழில் பொருள் சொல்வது பெருகட்டும். தமிழ் ஒலிப்பது ஒன்றுதான், ஆனால் யார் வாயிலிருந்து ஒலிக்கிறது என்பதைப் பொறுத்து அது ஊன்றுகோலாகவும் ஆகும், படுக்கையாகவும் ஆகும். ஒரு பத்தியைத் தனக்குத்தானே படித்து, அதைப் பக்கத்திலிருப்பவனுக்குத் தமிழில் மூன்று வாக்கியத்தில் சொல்லத் தெரிந்த பிள்ளையை, பிறகு அதையே ஆங்கிலத்தில் சொல்லவைப்பது அப்படி ஒன்றும் பெரிய மலையல்ல. தமிழிலேயே ஒரு கட்டுரையைப் படித்து மையக் கருத்தைச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு ஆங்கிலத்தில் அது வரும் என்று எதிர்பார்ப்பதும் வீண். அந்த வகையில் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே மாதத்தில் ஒரே திறனை, இருவேறு பத்திகளைக் கொண்டு பழக்கினால் என்ன? ஆசிரியர் ஓய்வறையில் பத்து நிமிடப் பேச்சில் முடிவு செய்யக்கூடிய காரியம் இது. என் பணிக்காலத்தில் ஒரு முறைகூட நான் அந்தப் பேச்சைத் தொடங்கவில்லை.

2012-13 கல்வியாண்டு தொடங்கி அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகியிருப்பதால், இந்தக் குறை ஆங்கிலப் பாடவேளையோடு நின்றுவிடுவதில்லை. அறிவியலையும் சமூக அறிவியலையும் ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைக்கு ஒவ்வொரு பாடமும் ஆங்கிலப் பத்திதான். பவளப்பாறையை நேரில் பார்த்து வளர்ந்த மண்டபத்துப் பிள்ளை, பவளப்பாறையைப் பற்றிய ஆங்கிலப் பத்தியை மனப்பாடம் செய்துகொண்டிருக்கும் காட்சியை நான் கண்டிருக்கிறேன்.

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. வினாத்தாளின் பெரும்பகுதி பாடநூலிலிருந்தே கேட்கப்பட்டு, படித்திராத பத்திக்குச் சிறு பங்கே இருக்கும்வரை, எந்த ஆசிரியரும் கிடைக்கும் நேரத்தை மனப்பாடத்துக்கே ஒதுக்குவார். தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே. ஆறாம் வகுப்பு முதல் பருவத் தேர்வுகளிலேனும் படித்திராத பத்திகளுக்கான மதிப்பெண்ணைக் கூட்டி, பத்தியிலிருந்து வரியைப் பெயர்த்தெழுதி விடையளிக்க முடியாத கேள்வி ஒன்றையாவது கட்டாயமாக்கினால், வகுப்பறை தானாகத் திரும்பும். அதோடு, 2023இல் பள்ளிக் கல்வித் துறை வாசிப்பு இயக்கத்துக்காக நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் தமிழில் சிறு நூல்களைக் கொண்டுவந்ததே, அந்த நல்ல முயற்சியைப் போல ஆங்கிலத்திலும் படிநிலை நூல்கள் வேண்டும். பதினாறு பக்கம் போதும். நூறு சொல்லுக்கு இரண்டு, மூன்று சொல்லுக்கு மேல் புதிதாக இருக்கக்கூடாது. அதற்கு மேல் போனால் ஊகிப்பதற்கும் பிடிமானம் இல்லாமல் போய்விடும். தனுஷ்கோடியை 1964இல் அழித்த புயல், பாம்பனில் 2025இல் திறக்கப்பட்ட செங்குத்தாக உயரும் தூக்குப் பாலம், கடற்பசு, பாசி எடுக்கும் பெண்களின் ஒரு நாள் என்று எழுதுவதற்கு எங்கள் கரையிலேயே செய்தி கொட்டிக் கிடக்கிறது. எழுதத் தெரிந்த ஆசிரியர்களும் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள்.

கடைசியாகத் தங்களிடமே ஒரு வேண்டுகோள். மாணவர்களுக்கான பக்கத்தில் தாங்கள் தேர்வுக் காலத்தில் மாதிரி வினா விடைகளை வெளியிடுகிறீர்கள். கிராமத்துப் பிள்ளைகள் அவற்றைக் கத்தரித்து ஒட்டிவைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் வாரம் ஒரு நாள், நூறு சொல்லுக்கு மிகாத ஓர் எளிய ஆங்கிலப் பத்தியைக் கேள்விகள் இல்லாமல் வெளியிடுங்கள். கேள்விகளைப் பிள்ளைகள் எழுதி அனுப்பட்டும். அவற்றில் நல்ல கேள்வி மூன்றை, அனுப்பிய பிள்ளையின் ஊர்ப்பெயரோடு அடுத்த வாரம் அச்சிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாட்களும் விசைப்படகுகள் கரையில் நிற்கும், தகப்பன்மார் வீட்டில் இருப்பார்கள், பள்ளிக்கும் பெரும்பாலும் விடுமுறை. தொடங்குவதற்கு ஏற்ற காலம் அது என்று தோன்றுகிறது. முதல் வாரத்துக்கான பத்தியை, தாங்கள் அனுமதித்தால், எங்கள் திண்ணைப் பிள்ளைகளே எழுதி அனுப்ப அணியமாக இருக்கிறார்கள்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியர்,
திருவாடானை வட்டம், இராமநாதபுரம் மாவட்டம்.